பாலாறு தாண்டிய உறைமோர்

மைசூர்,
9-6-1996

அன்புள்ள அக்காவுக்கும், அக்காவின் வயிற்றில் புதிதாகக் குடிவந்திருப்பவருக்கும்,

மதன் வணக்கம். இங்கே அப்பா, அம்மா, நான், சுவரில் இருக்கும் பல்லி எல்லாரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியம், மாமா சௌக்கியம், உன் மாமியாரின் தொண்டை சௌக்கியம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதவும்.

நீ சோற்றைக் கண்டாலே வாந்தி எடுக்கிறாய் என்று மாமா எழுதியதை நான்தான் உரக்கப் படித்தேன். அம்மா உருட்டிக்கொண்டிருந்த ஊதுபத்தியை அப்படியே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எடுத்தபோது முகமெல்லாம் கரித்தூள், இரண்டு கோடு மட்டும் சுத்தம். வாந்திக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட அம்மாவை நான் பார்த்ததில்லை. போன மாதம் பானிபூரி தின்றுவிட்டு நான் எடுத்தபோது செருப்பைத் தூக்கினாள்.

நீ கேட்ட விஷயம். மாசியில் அம்மாவுக்கு டி.பி. என்று சொன்ன நாளிலிருந்து நான்தான் மாதாமாதம் கிளினிக்கில் மாத்திரை வாங்கி வருகிறேன். அம்மா சாப்பிடுகிறாள். டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. இருமல் ஏறக்குறைய நின்றுவிட்டது. இத்தனை நாளும் அதைக் கரித்தூள் இருமல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பார்! உன் மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மாமாவைத் தவிர அங்கே யாரிடமும் மூச்சுவிடாதே.

தொந்தரவு ஒன்றுதான். அந்தச் சிவப்பு மாத்திரையைப் போட்டால் மூத்திரமும் சிவப்பாகப் போகிறது. மாத்திரையின் சாயம், ரத்தமில்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் நம் லைனில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். ஒருநாள் அம்மா வெளியே வந்ததும் உள்ளே போனது பாக்கியலட்சுமி அத்தை. அதற்கப்புறம் ஆல் இண்டியா ரேடியோ எதற்கு?

சாயங்காலமானால் அம்மாவிடம் "பழனாத்தா, ஸ்வல்ப ஹெப்பு கொடு" என்று கொஞ்சம் உறைமோருக்குக் கிண்ணத்தோடு நிற்பார்களே, இப்போது ஒருத்தரும் வருவதில்லை. லைன் முழுக்க நம் வீட்டுத் தயிராக இருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து பத்தி உருட்டுகிறாள். கிண்ணங்கள் அவளைத் தாண்டிக் கோடி வீட்டுக்குப் போகின்றன. அவள் தலை நிமிர்வதில்லை.

உறை கேட்பார் இல்லாத வீட்டுக்கு நீயாவது அடிக்கடி உறை அனுப்பு. கடித உறை.

உன் தம்பி,
மதன்
(பி.யூ.சி., கடைசி பெஞ்சு)


கொளத்தூர்,
21-6-1996

அன்புத் தம்பி மதனுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

மூன்று சௌக்கியமும் சௌக்கியம். உன் கையெழுத்துதான் சுகமில்லை. தமிழ் எழுத்துக்கெல்லாம் கன்னடக் கொண்டை போடுகிறாய்.

கிண்ணம் வரவில்லை என்று படித்ததும் எனக்கு அந்த நாள் நினைவுதான் வந்தது. கல்யாணமாகி வரும்போது அம்மா தூக்குப்போசியில் உறைமோர் கொடுத்தனுப்பினாளே, மேட்டூர்ப் பக்கம் மாநில எல்லையில் பாலாறு சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் அதைத் திறக்கச் சொன்னார். "என்னம்மா இது?" என்றார். "எங்கம்மா வீட்டு மோருங்க" என்றேன். குனிந்து மோந்து பார்த்தார். மீசையில் ஒட்டிய மோரோடு "சரி, போங்க" என்றார். அந்த மோர்தான் இன்று வரை இங்கே உறைகிறது. எதிர்வீட்டு டீச்சர்கூட அதைத்தான் வாங்கிப் போகிறார்.

இங்கே என் மாமியார் அத்தை இப்போதே நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஐப்பசி பிறந்ததும் வளைகாப்பு. "தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். நானே கொண்டுவந்து விட்டுட்டு ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்" என்கிறார். அதற்குள் அம்மாவின் மாத்திரைக் கணக்கும் முடிந்துவிடும் அல்லவா? குழந்தையை அம்மா பக்கத்தில்தான் படுக்க வைப்பேன், மதன். அதனால்தான் சொல்கிறேன், ஒரு வேளைகூட விடக் கூடாது. விளையாட்டுப் பேச்சையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு இதை மட்டும் கவனி.

அப்பாவைச் சாரத்தில் ஏறும்போது பார்த்து ஏறச் சொல்.

அன்புடன்,
தாரணி


மைசூர்,
14-7-1996

அன்புள்ள அக்காவுக்கு,

மதன் வணக்கம். எல்லாரும் நலம். இதை நீ சிரித்துக்கொண்டே படிக்க வேண்டும் என்பது கட்டளை.

அப்பாவுக்கு விஜயநகரில் புது பங்களா வேலை. செப்டிக் டேங்க் கட்டி முடித்ததும் ஒரு பக்கெட் சாணத்தைக் கரைத்து ஊற்றினார். வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஏன் மேஸ்திரி, புது டேங்கை அசிங்கம் பண்றே?" என்று கேட்டாராம். அப்பா, "கிருமி இருந்தாத்தான் சார் உள்ள விழறதைத் தின்னு தண்ணியாக்கும். பாலுக்கு உறை ஊத்துற மாதிரி" என்றாராம். அவர் கேட்பாரா? தினமும் பாட்டில் பாட்டிலாகப் பினாயிலை ஊற்றிக் கிருமியையெல்லாம் கொன்றார். டேங்க் செரிமானம் ஆகாமல் பொங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. இப்போது அவரே சாணம் தேடி அலைகிறார்.

காலேஜில் எங்கள் பயாலஜி லெக்சரர் நஞ்சுண்டசாமி, வீட்டிலிருந்து ஆளுக்கொரு சொட்டு தயிர் கொண்டுவரச் சொல்லி மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நம் வீட்டுத் தயிரில்தான் கூட்டம் அதிகம். குட்டிக் குட்டிக் கம்பி, அப்பா ஸ்லாப் போடக் கட்டி வைத்த மாதிரி. எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

அந்தக் கர்வத்தில் ஒரு வேலை செய்தேன். நம் தயிரையே அப்பாவின் டிபன் கேரியரில் ஊற்றி, "விஜயநகர் பங்களாத் தயிர், பிரிட்ஜில் இருந்தது" என்று பாக்கியலட்சுமி அத்தையிடம் நீட்டினேன். நக்கிப் பார்த்து, "பெரிய வீட்டுத் தயிர்னா பெரிய வீட்டுத் தயிர்தான்டா!" என்றாள். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "என் கை பட்டதுன்னு சொல்லிடாதேடா" என்றாள்.

ஆனால் முடிவு சுபம். அம்மாவுக்குச் சிவப்பு நின்றுவிட்டது! அத்தையே கவனித்திருக்கிறாள். நேற்று வந்து, "என்ன பழனாத்தா, எல்லாம் ஆராம் ஆயிடுச்சாமே" என்று குணம் விசாரித்துக் கிண்ணத்தை நீட்டினாள். இன்று இன்னும் இரண்டு கிண்ணம் வந்தது. அம்மா ராத்திரி பாட்டுப் பாடிக்கொண்டே பால் காய்ச்சினாள். உடம்பும் பூசினாற்போல ஆகியிருக்கிறது.

உள்ளே இருப்பவரை உதைக்கச் சொன்னதாகச் சொல்.

மதன்


கொளத்தூர்,
25-7-1996

மதன்,

நலம். நலமறிய ஆவல்.

நீ சிரிக்கச் சொன்னாய். சிவப்பு நின்றுவிட்டது என்ற இடம் வரை சிரித்தேன். மாத்திரை போட்டால் சிவப்பு எப்படி நிற்கும்?

டிரம்முக்குப் பின்னால் போய் டப்பாவைத் திறந்து பார். பார்த்துவிட்டு எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தாரணி


மைசூர்,
31-8-1996

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்குப் பரீட்சைதான் காரணம். நலம்.

நான் யோசித்துப் பார்த்தேன். பிரசவத்துக்கு மைசூரைவிட உன் ஊருக்குப் பக்கத்து மேட்டூர்தான் சரி என்று தோன்றுகிறது. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர்க் கஷ்டம் இல்லை, அணையே இருக்கிறது. இங்கே தசராக் கூட்டம் வந்துவிட்டால் ஆட்டோ கிடைக்காது. யானை பிளிறினால் குழந்தை பயந்துகொள்ளும். அந்தக் காட்டுப் பாதையில் பஸ் போடுகிற ஆட்டத்தில் குழந்தை பாலாற்றிலேயே பிறந்துவிட்டால் எந்த மாநிலக் கணக்கில் எழுதுவார்கள்? கர்நாடகாவும் தமிழ்நாடும் காவேரியை விட்டுவிட்டு அவனுக்காகச் சண்டை போடும்.

அத்தோடு நம் லைனில் கொசு அதிகம். கூரையும் ஒழுகுகிறது. அப்பாவுக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். உன்னைக் கேட்டாள்.

மதன்


கொளத்தூர்,
9-9-1996

மதனுக்கு,

யானையும் கொசுவும் எனக்கு வேண்டாம்.

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ ஒரு மாதம் கழித்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் என் கேள்வியைத் தவிர எல்லாம் இருக்கிறது. ‘தலைப்பிரசவத்துக்கு வராதே’ என்று சொல்கிற தாய்வீடு எங்கேயாவது உண்டா? "எப்போ வர்றாங்களாம், சீர் என்னவாம்?" என்று அத்தை தினமும் கேட்கிறார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

மாமா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "பையன் சிரிச்சு மழுப்புறான். எங்கியோ இடிக்குது" என்றார்.

எனக்கு அடிக்கடி கால் வீங்குகிறது. ராத்திரியில் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. வர வேண்டாம் என்றால் அதை அம்மாவே சொல்லட்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மூன்றாம் தேதி வளையல் போட்டதும் அத்தையோடு புறப்பட்டு வந்துவிடுவேன்.

தாரணி


மைசூர்,
22-9-1996

அக்கா,

வராதே.

இதை அம்மா சொல்லச் சொல்லவில்லை. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. எழுத மாட்டேன் என்று அவள் தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அந்தச் சத்தியத்துக்கு என்ன ஆகுமோ தெரியாது, எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றே டப்பாவைத் திறந்தேன். நான் கடைசியாகக் கொண்டுவந்த மாத்திரை எல்லாம் அப்படியே இருந்தது. ஆடி பிறப்பதற்கு முன்பே நிறுத்தியிருக்கிறாள். ஏன் என்று கத்தினேன். "எனக்கு நல்லாத்தானே இருக்கு? செவப்பு நின்ன பொறவுதான் வாசல்ல நாலு பேரு வர்றாங்க. தாரணி மாமியா வந்து ஒரு வாரம் இருக்கப் போகுது. அந்தக் கக்கூஸுல செவப்பைப் பாத்துதுன்னா எம்பொண்ணு வாழ்க்கை என்னாகும்?" என்றாள். மறுபடி சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். நீ வந்துபோன பிறகு சாப்பிடுகிறேன் என்றாள். உன்னிடம் சொன்னால் நீ வர மாட்டாய் என்றுதான் அந்தச் சத்தியம்.

ஆவணியில் இருமல் திரும்பி வந்தது. போன வாரம் பத்தி உருட்டும்போது மாவில் சிவப்பாகத் துப்பினாள். இந்தச் சிவப்பு மாத்திரைச் சாயம் இல்லை.

அப்பாவும் நானும் ஆட்டோவில் தூக்கிப் போனோம். லேப்காரர் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டார். நீலத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கம்பி. தயிரில் பார்த்த அதே மாதிரி கம்பிதான் அக்கா. எது சோறு போடும், எது ஆளைத் தின்னும் என்று முகத்தில் எழுதி ஒட்டவில்லை.

மருந்தைப் பாதியில் விட்டால் சோப்ளாங்கிக் கிருமிகள் செத்துப்போய், மிச்சமிருக்கிற கிருமிக்குத் திமிர் ஏறிவிடுமாம். அதனால் பழைய மாத்திரைகளோடு இப்போது தினமும் ஊசியும். அந்த ஊசி மருந்தும் ஒரு கிருமி கொடுத்ததுதான் என்று நஞ்சுண்டசாமி சார் சொன்னார். மழை பெய்தால் மண் வாசனை வருமே, அந்த வாசனையை உண்டாக்குகிற கூட்டத்தைச் சேர்ந்ததாம். அன்று சாயங்காலம் மழை பெய்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த வாசனையை இழுத்தேன். கும்பிட வேண்டும் போல இருந்தது.

டாக்டரிடம் நீ வரப் போவதைச் சொன்னேன். சளியில் கிருமி இல்லை என்று ஆகும் வரை பிறந்த குழந்தை அம்மாவின் மூச்சுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது என்றார். பெரியவர்களைவிடக் குழந்தையை அது சீக்கிரம் பிடித்துவிடுமாம்.

அம்மா வார்டில் இருக்கிறாள். நீ வருவாய் என்று உன் பழைய புடவைகளைக் கிழித்துத் தொட்டில் துணி தைத்து வைத்திருக்கிறாள். எல்லாம் டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மதன்


மைசூர்,
6-11-1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் தெரியவில்லை.

வளைகாப்புக்கு அப்பா தனியாக வந்தார் அல்லவா? திரும்பி வந்ததும் கேட்டேன். "நல்லா நடந்துச்சு" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீயும் எழுதவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வாசலுக்கு ஓடுகிறேன். அவர் என்னைக் கண்டாலே இப்போது மணி அடிப்பதில்லை.

அம்மா இன்னும் வார்டில்தான். நான் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்ததில் மோரை மறந்துவிட்டேன். பச்சைப் பூசணம் பூத்துக் கெட்டுப்போய்விட்டது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லைனில் வீடு வீடாகப் போனேன். எல்லார் வீட்டிலும் உறைவது நம் மோர்தானே? பாக்கியலட்சுமி அத்தை கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே "இவத்து இல்லப்பா" என்றாள். மற்ற வீட்டிலும் இன்று இல்லை. காலிக் கிண்ணத்தோடு திரும்பி வந்தபோதுதான், அம்மா வாசலில் எதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று புரிந்தது.

எழுதியதற்குக் கோபமா, எழுதாமல் இருந்ததற்குக் கோபமா? எதுவானாலும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மதன்


கொளத்தூர்,
18-11-1996

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

நலமாக இருக்கிறேன். வயிறு முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன்.

கோபம் உன் மேல் இல்லை. அம்மா மேல். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி மூடி வைத்தேன்.

அப்பா சொல்லியிருக்க மாட்டார், நானே சொல்கிறேன். கையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது சொந்தக்காரம்மா ஒருத்தி, "பொண்ணோட அம்மா எங்கே காணோம்?" என்றாள். அப்பா, "கால்ல அடிபட்டுருச்சுங்க" என்றார். அவருடைய குரலைக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை. "கால்ல அடி இல்லீங்க. டி.பி. ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்றேன். வளையல் சத்தம் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே அத்தை நம் தயிர்ப்பானையைக் குப்பைமேட்டில் போட்டு உடைத்தார். நான் புழங்கிய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில், "கெளம்பு" என்று அவரே மேட்டூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வயிற்றில் பிள்ளை இருப்பதால் எக்ஸ்ரே எடுக்காமல், சளியை மட்டும் பார்த்து எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். டாக்டரைத் துருவித் துருவிக் கேட்டது அவர்தான். தட்டில் ஒட்டாது, தயிரில் ஒட்டாது, இருமும் மூச்சில்தான் பரவும், முழுசாக மருந்து சாப்பிட்டால் குணமாகும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல அத்தை கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது, "இங்கியே பெத்துக்க. டாக்டர் சொல்ற வரைக்கும் எம்பேரன் பாலாறு தாண்ட மாட்டான். உங்கம்மாளை மாத்திரையை முழுசா முழுங்கச் சொல்லு" என்றார். பானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு என் தட்டு மற்றத் தட்டுகளோடு இருந்தது.

எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் நம் மோர் இன்னும் உறைந்துகொண்டிருக்கிறது. அதில் கொஞ்சம் வாங்கி அந்தப் பழைய தூக்குப்போசியில் ஊற்றி மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா வீட்டுக்கு வருவதற்குள் உறைய வைத்துவிடு.

அக்கா,
தாரணி


மைசூர்,
26-12-1996

தாரணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் நல்லா இருக்கிறேன். நீயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் நல்லா இருக்க அந்த மாதேஸ்வரனைக் கும்பிடுகிறேன்.

ஆண் பிள்ளை என்று தந்தி வந்தது. யார் சாடை என்று எழுது. தலையில் முடி இருக்கிறதா? நீ பிறந்தபோது நிறைய இருந்தது.

பிள்ளைக்குக் கையில் ஊசி போட்டாச்சா? அதுவும் எனக்கு வந்த கிருமியின் சாதிதானாம். கொட்டத்தை அடக்கிப் பிள்ளைக்குக் காவலாகப் போடுகிறார்களாம், மதன் சொன்னான். புண்ணாகித் தழும்பு வரும். பயப்படாதே.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாத்திரையை மதன் கையில் வாங்கி அவன் பார்க்க முழுங்குகிறேன். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறான், போக்கிரி. கக்கூஸுக்குப் போனால் சிவப்பாக இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். சிவப்பாக இருந்தால் மனசுக்கு நிம்மதி.

மாப்பிள்ளை கொண்டுவந்த மோர் நன்றாக உறைந்தது. யாரும் கேட்டு வருவதில்லை. நாங்களே சாப்பிடுகிறோம்.

தொட்டில் துணி மாப்பிள்ளையிடம் கொடுக்கவில்லை. துவைத்து வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

பழனாத்தாள்


மைசூர்,
9-2-1997

அன்புள்ள அக்காவுக்கும், இன்னும் என்னை மாமா என்று கூப்பிடாத அந்தப் பெரிய மனிதருக்கும்,

மதன் வணக்கம். எல்லாரும் நலம். இந்த முறை இந்த வரி நிஜம்.

அம்மாவின் சளியை மறுபடி மறுபடி பார்த்தார்கள். லேப்காரர் நேற்று என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். எவ்வளவு நேரம் பார்த்தும் நீலம் மட்டும்தான். ஒரு கம்பிகூட இல்லை. மாத்திரை வைகாசி வரைக்கும் உண்டு, ஒரு நாளும் விடக் கூடாது. ஆனால் பேரனை இனி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் மாமியாரிடம் சொல், பாலாறு திறந்தாயிற்று.

அம்மாவிடம் சொன்னேன். போய்த் தொட்டில் துணியை எடுத்து மறுபடி துவைக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் வாசலில் நிழல் தெரிந்தது. பாக்கியலட்சுமி அத்தை, கையில் கிண்ணம். "ஸ்வல்ப ஹெப்பு" என்றாள். என் நாக்கு நுனியில் ‘இவத்து இல்லம்மா’ தயாராக இருந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், விழுங்கிவிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கிண்ணத்தில் மோர் ஊற்றிக் கொடுத்தாள். அத்தை வாங்கிக்கொண்டும் போகவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழனாத்தா, எங்க வீட்டுக்காரருக்கு மாசக்கணக்கா இருமல். நேத்திக்கு ரத்தமா வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. நீ போற ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?"

அம்மா அவளை உள்ளே கூப்பிட்டுப் பாயைப் போட்டு உட்கார வைத்தாள்.

"நாளைக்குக் காலையில நானே கூட்டிட்டுப் போறேன். அழாதே. மாத்திரை குடுப்பாங்க, செவப்பாத்தான் போகும். லைனே வந்து பார்த்தாலும் சரி, நிறுத்திப்போடாதே."

மாமாவோடு புறப்பட்டு வா அக்கா. அந்தத் தூக்குப்போசியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நீ திரும்பிப் போகும்போது உன் மாமியாருக்கு அதில் உறைமோர் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

உன் தம்பி,
மதன்